இருபத்தேழாம் எண் சீட்டு

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

உன் குச்சித் தம்பி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்குத் தையல் மெஷின் மிதித்து மிதித்து முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. பவுடர் தூசியில் இருமல் வந்ததாக எழுதியிருந்தாயே, விட்டதா? வாசலிலேயே போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனிக்கு நீ வேலைக்குப் போனதில் ஒரே நன்மை, என் கையெழுத்துத் திருந்திவிட்டது.

செய்தி என்னவென்றால், தீயணைப்புத் துறை எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன்! ஏப்ரல் இருபத்தைந்தில் உடல் தேர்வு. மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏற வேண்டும். எடை குறைந்தது ஐம்பத்திரண்டு கிலோ இருக்க வேண்டும். நான் நாற்பத்தெட்டு. ஜிம் மாஸ்டர் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "டேய், மூட்டை உன்னைத் தூக்கிட்டுப் போயிடும்டா" என்றார்.

முதலில் தினம் ஒரு கை வேர்க்கடலை தின்னச் சொன்னார். "மாஸ்டர், அது எனக்கு எமன். ரெண்டாங்கிளாஸ்ல நாலே நாலு கடலை தின்னு தொண்டை அடைச்சு, கம்பவுண்டர் மைதானத்துக்கே ஓடிவந்து ஊசி போட்டுத்தான் பிழைச்சேன்" என்றேன். "அப்போ வே புரோட்டீன் குடி" என்று சொல்லிவிட்டார். கடைக்குப் போனால் கான்சென்ட்ரேட், ஐசோலேட், ஹைட்ரோலைசேட் என்று மூன்று வகை. கடைக்காரர் எது விலை ஜாஸ்தியோ அதுதான் நல்லது என்கிறார். நாள் முழுக்க அந்தப் பவுடரிலேயே புரளுகிறவள் நீ. எதை வாங்கட்டும்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
குச்சி


ஜனவரி 20

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, விடுதியில் பக்கத்துக் கட்டில்காரியை எழுப்பி உட்காரவைத்துச் சொன்னேன், "என் தம்பி தீயணைப்பு வீரன்." "இன்னும் ஆகலையேடி" என்று திரும்பிப் படுத்துவிட்டாள். இருமல் விட்டுவிட்டது. அம்மாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

கேள். பாலைத் திரித்துக் கட்டியை எடுத்தபின் மிஞ்சுகிற தெளிந்த நீர்தான் வே. அதை வடிகட்டி உலர்த்தினால் பவுடர். கான்சென்ட்ரேட் என்பது அரைகுறையாக வடிகட்டியது. நூறு கிராமில் எண்பது வரை புரோட்டீன், மிச்சத்தில் கொஞ்சம் பால் சர்க்கரை, கொழுப்பு. ஐசோலேட் இன்னும் நன்றாக வடிகட்டியது, தொண்ணூறு இருக்கும். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு அது தேவலை. ஹைட்ரோலைசேட் என்றால் புரோட்டீனை முன்கூட்டியே உடைத்து வைத்திருப்பார்கள். சீக்கிரம் செரிக்கும், ஆனால் கசக்கும். விலையைக் கேட்டால் இன்னும் கசக்கும். உனக்குப் பால் ஒத்துக்கொள்ளும். கான்சென்ட்ரேட் போதும்.

நான் டப்பா நிரப்பும் வரிசையில்தான் இருக்கிறேன். அளவுக் கரண்டியைப் போட்டு, பவுடர் விழுந்ததும் எடை பார்த்து, என் எண் அடித்த சீட்டை மூடிக்குள் வைத்து மூட வேண்டும். என் எண் இருபத்தேழு. இங்கே எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நாங்கள் அனுப்புகிற கடிதங்களை வார்டன் அம்மா படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். வருகிறவற்றைப் பிரிப்பதில்லை. அதனால் நீ என்ன வேண்டுமானாலும் எழுதலாம், என் கதையைத்தான் அடக்கி வாசிக்க வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 2

அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாம் வழக்கம்போல. அம்மா ஒத்தடம் கொடுக்கிறாள், திட்டிக்கொண்டே.

மாஸ்டரிடம் இருந்த கான்சென்ட்ரேட்டை நாலு நாள் குடித்துப் பார்த்தேன். வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. மாஸ்டர் பக்கத்தில் நின்று பயிற்சி கொடுக்கவே யோசிக்கிறார். ஆக ஐசோலேட்தான். மாஸ்டர் மொத்தமாக ஒரு பெட்டி வரவழைத்து எல்லோருக்கும் பிரித்துத் தரப்போகிறார். எந்தக் கம்பெனி தெரியுமா? உன்னுடையதேதான்! சாக்லேட் வாசனை. "எங்க அக்கா கைபட்டது மாஸ்டர்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

ஐசோலேட் சரிதானே? ஒரு வார்த்தை எழுதிவிடு.

குச்சி


பிப்ரவரி 14

அன்புத் தம்பிக்கு,

நான் மிகவும் நலம். எங்கள் கம்பெனிப் பவுடர் மிகவும் தரமானது. எந்தக் குறையும் கிடையாது.

ஆனால் உனக்குப் பவுடரே வேண்டாம். ஐசோலேட்டும் வேண்டாம், வேறு எதுவும் வேண்டாம். முட்டை சாப்பிடு, பால் குடி, எடை தானாக ஏறும். அக்கா சொன்னால் கேட்பாய் அல்லவா?

மைதானத்துக்கு ஓடிவந்தாரே அந்தக் கம்பவுண்டர், அவர் நினைவாகவே இருக்கிறது. இரண்டு வாரமாக வேலை செய்யும்போதெல்லாம் அவர் முகம்தான் கண்ணில் நிற்கிறது. நீயும் அவரை நினைத்துக்கொள். தினமும் நினைத்துக்கொள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 18

அக்கா! அக்கா!

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. பெட்டி வந்துவிட்டது. மாஸ்டர் பன்னிரண்டு டப்பாவையும் வரிசையாக அடுக்கி வைத்தார். நான் ஒவ்வொரு மூடியாகத் திறந்து உள்ளே இருந்த சீட்டைப் பார்த்தேன். முப்பத்தொன்று, பதினாலு, பதினாலு, நாற்பது... ஒன்பதாவது டப்பாவில் இருபத்தேழு! ஜனவரி 28 என்று தேதி. மாஸ்டர், "ஏன்டா, லாட்டரி விழுந்த மாதிரி குதிக்கிறே?" என்றார். அதையே எடுத்துக்கொண்டேன்.

மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் காகிதத்தை இன்னும் கிழிக்கவில்லை. மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து பயிற்சியைக் கூட்டப்போகிறார், அன்றைக்குக் காலையில்தான் முதல் கரண்டி. அதுவரை டப்பா அம்மாவின் தையல் மெஷின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அம்மா அதற்குத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள், உன்னையே போர்த்திவிட்ட மாதிரி.

உன் பதில் இன்னும் வரவில்லை. தபால்காரரைத் தினம் வழிமறிக்கிறேன்.

குச்சி


பிப்ரவரி 27

தம்பி,

இது வார்டன் படிக்காத கடிதம். பக்கத்துக் கட்டில்காரிக்கு ஒப்பந்தம் முடிந்து மார்ச் இரண்டாம் தேதி வெளியே போகிறாள். காலுறைக்குள் மடித்து எடுத்துப் போவாள். குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

டப்பாவைத் திறக்காதே. திறந்திருந்தால் தொடாதே. அதில் வேர்க்கடலை மாவு இருக்கிறது.

பிப்ரவரி தொடக்கத்தில் கலவை அறையில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, என்னை அங்கே மாற்றினார்கள். மூலையில் எழுத்தே இல்லாத சாம்பல் நிற மூட்டைகள். ஒன்றைப் பிரித்தபோது என் கை அப்படியே நின்றுவிட்டது. பத்து வருஷம் நம் வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் முகர்ந்து பார்த்தவள் நான். அந்த வாசனை எனக்குத் தெரியாதா?

கலவைக்காரரிடம் கேட்டேன். "எண்ணெய் எடுத்த கடலை மாவும்மா. பாதி விலை. டெஸ்ட்ல புரோட்டீன் ஏறிக் காட்டும். சாக்லேட் போட்டா யாருக்குத் தெரியப்போகுது? யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். பதிவேட்டைப் பார்த்தேன். அந்த மூட்டைகள் ஜனவரி இருபதிலிருந்தே வருகின்றன. நான் நிரப்பிய டப்பாக்களில் எத்தனையில் போயிருக்கிறதோ.

நீ ஐசோலேட் கேட்டு எழுதிய கடிதம் வந்த அன்றைக்கே உனக்கு விவரமாக எழுதினேன். வார்டன் அம்மா என்னை எதிரில் நிறுத்தி, அதை எட்டாகக் கிழித்தார். "கம்பெனி ரகசியத்தை எழுதினா போலீஸ் கேஸ் ஆகும், தெரியுமில்ல? வேற எழுது, நான் பார்க்கிறேன்" என்றார். அவர் பார்க்கப் பார்க்க எழுதியதுதான் அந்தக் கம்பவுண்டர் கடிதம். உனக்குப் புரிந்திருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். நேற்று உன் கடிதம் வந்தது. இருபத்தேழு, ஜனவரி 28 என்று படித்தேன்.

ஓடிப்போய் வார்டன் அறையில் போன் கேட்டேன்.

"அவசரத்துக்கு மட்டும்தான் போன். யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஆகலைம்மா. ஆகிடக்கூடாதுன்னுதான் கேக்கறேன்."

"ஆனதும் வா."

பாஸ் இல்லாமல் வாசல் காவலர் விடமாட்டார். என் அடுத்த பாஸ் ஏப்ரலில். கட்டில்காரியிடம் உன் நம்பரையும் கொடுத்திருக்கிறேன், வெளியே கால் வைத்ததும் பேசுவாள். ஆனால் அது இரண்டாம் தேதி. நீ ஒன்றாம் தேதி என்று எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு நாள், தம்பி. மழை பெய்து ஜிம் மூடியிருக்கட்டும், உனக்குக் காய்ச்சல் வரட்டும், மாஸ்டருக்குக் கால் சுளுக்கட்டும் என்று என்னென்னவோ வேண்டிக்கொள்கிறேன்.

டாக்டர் எப்போதும் கூடவே வைத்திருக்கச் சொன்ன அந்த ஊசியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள். பழசாகியிருந்தால் புதிதாக வாங்கு. யாரிடமும் எதையும் சொல்லாதே. என் படிப்புச் சான்றிதழ்கள் இவர்களிடம் இருக்கின்றன.

அக்கா


மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். உன்னிடமிருந்து கடிதம் வந்து நாளாகிவிட்டது. பெரிதாக எழுத வேண்டாம். ஒரு வரி போதும். உன் கையால்.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்கா,

நானும் அம்மாவும் நலம். உன் தோழி அனுப்பிய கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே டப்பாவை ஒழித்தாகிவிட்டது. கவலைப்படாதே. இரண்டு வாரமாகச் சளி, அதனால்தான் எழுதவில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 29

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. ஐந்து வரிக்கு அத்தனை தடவை படிக்கிறவளை இங்கே பைத்தியம் என்கிறார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் தூங்கினேன்.

எழுத்து ஏன் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது? ஏன் "குச்சி" என்று கையெழுத்துப் போடவில்லை? தேர்வைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே? சளி என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. அதுவரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வந்துவிடுகிறேன். உன்னைக் காப்பாற்றத்தான் எழுதினேன். ஊரைக் காப்பாற்ற என்னால் ஆகாது. மீதியை நீயே புரிந்துகொள்வாய்.

(இதை வார்டன் கையில் கொடுக்கவில்லை. பால் வண்டி ஓட்டுநர் வாங்கிக்கொண்டார். ஒரு நிமிஷம் கை நீட்டியதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.)

அக்கா


ஏப்ரல் 7

மகளுக்கு அம்மா எழுதுவது.

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுத்தான் தொடங்குவேன். இன்றைக்கு அதற்குப் பிறகு எழுதுவது வேறு. சொல்லக் கூடாது என்று அவன் என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறான். நீ அவனுக்கு எழுதினதை அவன் தூங்கும்போது படித்தேன். படித்தபிறகு அந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு ஜிம்மிலேயே கலக்கிக் குடித்தான். கம்பவுண்டரை நினைத்துக்கொள் என்று எழுதியிருந்தாயே, "அக்காவுக்கு வீட்டு ஞாபகம் வந்துடுச்சும்மா, செலவாகுதேன்னு பவுடர் வேண்டாங்கறா" என்று முந்தின வாரம்தான் சிரித்தான். பத்து நிமிஷத்தில் உதடு வீங்கியது. "மாஸ்டர், தொண்டை..." என்றானாம். அதற்குமேல் பேச்சு வரவில்லை. ஊசி வீட்டில் மேஜை டிராயரில் இருந்தது. மாஸ்டர் அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் போனபோது முகமே அடையாளம் தெரியவில்லை. தொண்டைக்குள் குழாய் விட்டு நாலு நாள் வைத்திருந்தார்கள். உன் தோழி பேசினாளோ என்னவோ, போன் ஜிம் பையிலேயே செத்துக் கிடந்தது. கடிதம் வந்த அன்றைக்குத்தான் குழாயை எடுத்திருந்தார்கள். வலது கையில் ஊசி குத்திக் குத்தி வீங்கியிருந்தது. பிறகும் சரியாகவில்லை. உனக்கு இடது கையால்தான் எழுதினான்.

"அவ கையால மூடின டப்பாவுலதான் எனக்கு இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அக்கா உயிரோட இருக்க மாட்டாம்மா" என்றான். அதைச் சொன்னதுகூடச் சத்தமாக வரவில்லை. குரல் இன்னும் கரகரவென்று கிழிந்துதான் வருகிறது, சரியாக மாதங்கள் ஆகுமாம். இந்த வருஷத் தேர்வு போச்சு.

உன்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. நீயும் என் பிள்ளைதான், உனக்கு ஏதாவது ஆனால் நான் எங்கே போவேன்? ஆனால் மாஸ்டர் மீதிப் பதினோரு டப்பாவையும் வீடு வீடாகப் போய்த் தேடி வாங்குகிறார். ஒன்பது திரும்பிவிட்டது. ரெண்டு யாரிடம் போயின என்று தெரியவில்லை. கை மாறிப் போயிருக்கிறது. அந்த ரெண்டையும் நினைத்தால் எனக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

அம்மா


ஏப்ரல் 18

அம்மாவுக்கும் தம்பிக்கும்,

தபால் நிலையத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன். இன்றைக்கு என் பாஸ் நாள். மாலை ஆறுக்குள் உள்ளே போக வேண்டும். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். விசாரிப்பதற்கு எனக்கு முகம் இல்லை, அதனால் வேண்டிக்கொள்கிறேன்.

அம்மாவின் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. சாம்பல் மூட்டையிலிருந்து ஒரு பிடி மாவைக் காகிதத்தில் மடித்துத் தலைக்குல்லாய்க்குள் வைத்துக் கொண்டுவந்தேன். வாசலில் காவலர் பையைத் தடவினார், பாக்கெட்டைத் தடவினார். தலையைத் தொடவில்லை. தெருமுனை திரும்பியதும் ஓடத் தொடங்கினேன்.

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி. மேஜைமேல் கோப்புகள், பாதி கடித்த பிஸ்கட். எல்லாவற்றையும் சொன்னேன். "பேர் போடாம எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கலாம்மா. ஆனா எந்த அறை, எந்த மூலைன்னு நாங்க தேடறதுக்குள்ள மூட்டை வேற இடத்துக்குப் போயிடும். பார்த்தவங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டா, நேரா உள்ளே போய் நிக்கலாம்."

"என்னை என்ன பண்ணுவாங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. "தெரியலை. வேலை போகும். மத்ததுக்கு நாங்க இருக்கோம்னு சொல்லலாம், ஆனா உங்ககூட இருபத்திநாலு மணி நேரமும் நிக்க முடியாது."

பேனாவை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். இருபத்தேழு என்றே இரண்டு வருஷம் இருந்துவிட்டதால் என் பெயரை எழுதும்போது யாருடையதோ போல இருந்தது. போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வருவார்களாம். அதுவரை நான் உள்ளே இருக்க வேண்டும். திரும்பாவிட்டால் சந்தேகம் வந்து மூட்டையை மாற்றிவிடுவார்கள். இரண்டு நாள், அதே வார்டன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அதே மாவைக் கலந்துகொண்டு. பயமாக இருக்கிறது, அம்மா.

மணி ஐந்தரை. போகிறேன்.

உங்கள் பெண்


ஏப்ரல் 23

குச்சிக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை தேநீர் இடைவேளையில் வந்தார்கள். அதிகாரி யாரையும் கேட்காமல் நேராகக் கலவை அறை மூலைக்கு நடந்தார். அங்கே வெறும் தரை. முந்தின நாள் மாலைதான் மூட்டைகளைத் துடைப்பம் வைக்கிற அறைக்குத் தள்ளியிருந்தார்கள், நான் ஷிப்ட் முடிந்து போனபிறகு. மேனேஜர் சிரித்துக்கொண்டே, "யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க மேடம்" என்றார். நாங்கள் நாற்பது பேரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். அதிகாரி என் பக்கம் பார்க்கவே இல்லை, என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று. அப்போது கலவைக்காரர் செருப்பைப் பார்த்தேன். ஈரமான தரையில் மாவுத் தடம், துடைப்ப அறை வரைக்கும் போயிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கவில்லை. வரிசையிலிருந்து வெளியே வந்து கையை நீட்டிக் காட்டினேன்.

பதினேழு மூட்டை. ஜனவரி இருபதிலிருந்து நிரப்பிய டப்பாக்களை எல்லா ஊரிலிருந்தும் திரும்பப் பெற உத்தரவு போட்டுவிட்டார்கள். செய்தித்தாளில் வரும் என்றார் அதிகாரி. தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள்.

விடுதியில் எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தரும் என்னுடன் பேசவில்லை. இருபத்தெட்டாம் எண்காரி மட்டும் எதிரில் வந்து நின்றாள். "உன் தம்பி பிழைச்சுட்டான்ல? என் பிள்ளைங்களுக்கு இனிமே யார் சோறு போடுவா?" என்று கேட்டாள். இரண்டு வருஷம் பக்கத்தில் நின்று மூடி மூடியவள். அவள் பெட்டியை வாசல் வரை தூக்கிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டாள்.

அந்த ரெண்டு டப்பா கிடைத்ததா? தேடுவதை நிறுத்த வேண்டாம் என்று மாஸ்டரிடம் சொல்.

சான்றிதழைக் கொடுத்துவிட்டார்கள். போனையும் கொடுத்துவிட்டார்கள். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரமாகக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் நம்பரை எடுப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டது இதைவிடச் சுலபம். கிழிந்த குரல் என்று அம்மா எழுதியிருந்தாள். அதை நான் எப்படிக் கேட்பேன் என்று தெரியாமல்தான், போன் கையில் இருக்கும்போதே கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து கூப்பிடுவேன். இது உனக்குக் கிடைக்கும் முன்பே மணி அடித்திருக்கும், தெரிந்தேதான் எழுதுகிறேன். எடு. பேச வேண்டாம், தொண்டையைச் சிரமப்படுத்தாதே. ஒருமுறை இருமினால் போதும், நீதான் என்று தெரிந்துகொள்வேன்.

அக்கா